உள்ளே ஒன்றும் இல்லாத உறை

1951 ஜூன் 4, திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது. திருவள்ளூரில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தபாலாபீஸ் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். வயது பத்து. சட்டைக்குள் சின்ன மாமாவின் உறை, நனையாமல்.

அம்மாவின் தம்பியான அவர் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா; எங்களோடு இருந்தார். எந்த ஊருக்குப் புதிதாக விமானம் விட்டாலும், முதல் விமானத்தில் ஓர் உறையை அனுப்புவார். அந்த ஊர்ப் போஸ்ட்மாஸ்டர் முத்திரை குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளே ஒன்றும் இருக்காது. வாயையும் ஒட்டாமல் செருகிவிடுவார். கிழியாத உறைக்குத்தான் மதிப்பாம். பதினாறு சேர்ந்திருந்தன. இன்று, 2006-இல், அவை என்னிடம் இருக்கின்றன. காக்களூர்த் தொழிற்பேட்டைக்குப் பின்னால் என் மொட்டை மாடியில் நின்றால் காலை ஆறிலிருந்து ஏழுக்குள் ஒன்பது விமானம் எண்ணலாம். புதுப் புதுக் கம்பெனி வருகிறதென்று பேப்பரில் போடுகிறான். மாமாவின் உறைகளில் பெயர் அச்சான ஐந்து கம்பெனிகளில் ஒன்றுகூட இல்லை. சிலது நொடித்துப்போயின, மீதியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது.

"காலிக் கவருக்கு ஸ்டாம்பு ஒட்டறவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்டா" என்பாள் அம்மா.

"உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாதுக்கா. அதான் ரூலு."

"உன் மண்டையாட்டம்னு சொல்லு."

பதினேழாவது உறை விசாகப்பட்டினத்து வால்டேருக்கு. அதில் மட்டும் போஸ்ட்மாஸ்டர் இல்லை. ஒரு பெண்ணின் பெயர். எனக்குத் தெரிந்த பெயர்தான். எங்கள் ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவரின் மகள், எனக்கு இரண்டு வருஷம் ட்யூஷன் எடுத்த அக்கா. அவள் அப்பாவுக்கு மாற்றலாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ட்யூஷன் முடிந்து என்னை அழைத்துப்போக மாமாதான் வருவார். தினமும் கால் மணி முன்னதாகவே வந்துவிடுவார்.

தெரிந்தவளுக்குக் காலி உறையா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்த கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். இங்கே மழை. நான் கணக்கில் தொண்ணூற்றாறு. மாமாவுக்கு ஆவணியில் கல்யாணம்.

கடைசிச் செய்தி முழு உண்மை இல்லை. பெண் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஐந்தாவது பெண். மாமா பதில் சொல்லவில்லை. சொல்லாதது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். தாளை உள்ளே வைத்து, பசையை நாக்கால் தடவி, நான்கு முறை அழுத்தி ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உறை திரும்ப இருபத்தொன்பது நாள் ஆயிற்று. "கணக்கு, தபால் வந்துச்சாடா?" என்று, என்னை அப்படித்தான் கூப்பிடும் மாமா, தினமும் கேட்டார். மற்ற பதினாறுக்கும் அப்படிக் கேட்டதில்லை.

வேறோர் உறைக்குள் வைத்து வந்தது. முத்திரைகள் அழகாக விழுந்திருந்தன. ஆனால் ஓரம் கிழிந்திருந்தது. உள்ளே என் தாள். அதனடியில், எனக்குப் பழகிய கையெழுத்தில், 'ரொம்ப சந்தோஷம்' என்று இரண்டே சொல். மாமா நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"இன்னாடா பண்ண நீ?"

"காலியா போவுதேன்னு மாமா..."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கிழிந்த ஓரத்தை விரலால் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டாமதானேடா குடுத்தேன்" என்றார்.

அன்று மாலையே அம்மாவிடம், "அந்தப் பொண்ணையே பேசி முடிச்சிடுக்கா" என்றார். அம்மா உடனே சாமி படத்துக்குப் பூ வைத்தாள். பதினெட்டாவது உறை என்று ஒன்று வரவேயில்லை.

எனக்கு உறை கிழிந்ததுதான் உறுத்தியது. மதிப்புப் போய்விட்டதே. மறுநாள் உண்டியலைக் குலுக்கி, இருந்த சில்லறையை மாமாவின் கையில் வைத்தேன்.

"இன்னாடா இது?"

"கவருக்கு, மாமா. வேற வாங்கிக்க."

வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன். எனக்கு ஆன செலவு மொத்தம் இரண்டேகால் அணா.