பாதியும் பாதியும்

1972 அக்டோபர் 14, சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, வீட்டை ஒட்டிய பருத்திக்காட்டில் அப்பா இரண்டு பூச்சிமருந்துகளை ஒரே பீப்பாயில் ஊற்றினார். கல்லூரியிலிருந்து மொரப்பூரை அடுத்த எங்கள் ஊருக்கு வந்திருந்த நான் நீர் சுமந்து கொடுத்தேன்.

மருந்து பம்பு ஊருக்கே ஒன்றுதான். பங்காளிகள் முறை வைத்து, வீட்டுக்கு ஒரு நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். காய்ப்புழுவுக்கு ஒரு நாள், அசுவினிப் பூச்சிக்கு ஒரு நாள் என்று தனித்தனியே அடிக்க வழியில்லை; ஆகவே எல்லாரும் கலந்தே அடித்தார்கள். குடம் நீருக்கு ஒரு மூடி என்று எண்ட்ரின் புட்டியிலும் பாரத்தியான் புட்டியிலும் அச்சிட்டிருந்தது. அப்பா எச்சரிக்கையானவர், ஒவ்வொன்றிலும் அரை மூடிதான் ஊற்றினார். பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்று. அந்தக் கணக்கை ஊரில் எவரும் ஐயுற்றதில்லை.

"ஏ புள்ள, தமிழ் படிக்கிறயே, அந்தச் சீட்டப் படி. எங்கனா தப்பு இருக்குதான்னு பாரு," என்றான் பம்பை முதுகில் மாட்டிய அண்ணன்.

"சட்டய போட்டுக்கன்னு போட்டிருக்குது."

"நனஞ்ச சட்டய ஆரு தொவைக்கிறது? நீயா?"

சிரித்தபடி வெற்று முதுகோடு பருத்திக்குள் இறங்கினான். பம்பின் அடியில் ஒரு கசிவு. பார் சோப்பைத் தேய்த்து அடைத்திருந்தார்கள்.

பொழுது உச்சிக்கு வருமுன் சோப்பு கரைந்துவிட்டது. முதுகெல்லாம் நனைந்து வரப்பில் உட்கார்ந்த அண்ணன், "கண்ணு மங்குதுப்பா," என்றான். வாயில் எச்சில் ஒழுகியது. பஸ்ஸில் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வலிப்பு கண்டது.

"என்ன மருந்து?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டுங்க சார். அர அர மூடிதானுங்க. ஒரு மூடிக்கு மேல போவலீங்க," என்றார் அப்பா.

ஊசி போட்டார்கள். எச்சில் நின்றது, வலிப்பு நிற்கவில்லை. அதற்கும் ஊசி போட்டார்கள். மூச்சு தளர்ந்துகொண்டே போயிற்று. டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "ஒவ்வொண்ணும் என்ன செய்யும்னு புஸ்தகத்துல இருக்கும்மா. ரெண்டும் ஒரே ஒடம்புல சேர்ந்தா என்ன செய்யும்னு அதுல இல்ல. எனக்கும் தெரியல."

பொழுது சாயுமுன் அண்ணன் இறந்தான். கேட்பவர் எவரும் இல்லாதபோதும், அப்பா கட்டைவிரலைச் சுட்டுவிரலின் மேல் வைத்து அரை மூடியை அளந்து காட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை, அடக்கத்துக்கு முன், பெரியப்பா என்னிடம் வந்தார். பம்பு அன்று அவர் முறை. பீப்பாயில் கலவை மீந்திருந்தது.

"பம்ப நாளைக்கி எடுத்துக்கறன் கண்ணு. கலக்குனத மட்டும் எடுத்துக்கட்டுமா? வீணாப் போவுது. எம்பையன் சட்ட போட்டுக்கிட்டுத்தான் அடிப்பான்."

நான் கடப்பாரையை எடுத்துப் போய், கிணற்றுக்கு வெகு தொலைவில், முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினேன். பீப்பாயை இழுத்துவந்து, அவர் பார்த்திருக்க அதில் கவிழ்த்து, மண்ணைத் தள்ளி மூடினேன்.