குதிரைவால் நரம்புகளும் என் இடது காலும்

எதிர்வீட்டுக்காரர் இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கும், சிறுநீர் கழிக்க ஒரு குழாயை நம்பி இருப்பதற்கும் நான் காரணம். அவர் உடம்பில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவர் முதுகில் மூன்று முறை உதைத்து, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்.

உதைத்தது ஏன் என்று சொல்ல வேண்டும். நான் தாயின் வயிற்றிலிருந்து கால் முதலில் வெளியே வரப் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்களின் காலுக்கு ஒரு மதிப்பு உண்டு. முதுகு பிடித்துக்கொண்டவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து திரும்பி நிற்பார்கள். பிடித்த இடத்தில் இடது காலால் மூன்று முறை மெல்லத் தட்டினால் பிடிப்பு விட்டுப் போகும் என்பது நம்பிக்கை. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் தட்டிக்கொண்டிருந்தேன்.

அதே நான் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கூறியல் நடத்தினேன். சுண்டுவிரல் தடிமனில் மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம், அதன் இருபுறமும் பிரியும் முப்பத்தொரு ஜோடி நரம்புகள், உணர்ச்சியைக் கொண்டுவரும் பின்வேர், தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் முன்வேர் என்று எல்லாவற்றையும் கலர் சாக்பீஸில் வரைவேன். தண்டுவடம் முதுகெலும்பின் அடி வரைக்கும் போவதில்லை. இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரைவால் போலத் தொங்குகின்றன. கால், மூத்திரப்பை, மலக்குடல், நாம் உட்காருகிற இடம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. முதுகுவலிக்காரர் ஒருவர் உட்காருகிற இடம் மரத்துவிட்டது, சிறுநீர் சரியாக இறங்கவில்லை என்று சொன்னால் அது பிடிப்பு அல்ல. இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கிக் குதிரைவாலை நசுக்குகிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாய்மொழித் தேர்வில் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்பேன். தெரியாதவர்களை ஃபெயிலாக்கியிருக்கிறேன்.

இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு எப்படி வாழ முடிந்தது என்றால், மிகச் சுலபமாக முடிந்தது. முதுகுப் பிடிப்பில் பெரும்பாலானவை நாலைந்து நாளில் தானாகவே விட்டுவிடும். பெயர் என் காலுக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு என் படிப்பைத் தேடி யாரும் வரவில்லை, காலைத் தேடி வந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் குடியிருக்கும் கணபதிப் பகுதியில், எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கீழ்த்தளம் பட்டறைதான். எதிர்வீட்டுக்காரரும் கீழே இரும்பு கடையும் லேத் வைத்து, மேலே மனைவியோடு குடியிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பம்பு செட்டுக்கான இரும்பு வார்ப்புகளை, அந்தக் காஸ்டிங்குகளை, அவரே தூக்குவார், இறக்குவார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். மில்லில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அப்போதுதான் முதுகில் தட்டு வாங்கிக்கொண்டு சட்டையை இறக்கிவிட்டார்.

"பள்ளிக்கூடத்துல நான் ஒரு உதைகூட வாங்குனதில்லீங்க. அறுவத்தஞ்சு வயசுல ஒரு வாத்தியார்கிட்ட வாங்க வேண்டியதாப் போச்சு" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தோம். எதிர்வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்தபடி நின்றார். "என்னாச்சுங்க தம்பி?" என்று கேட்டேன்.

"போன வாரம் காஸ்டிங் தூக்குனப்பப் புடிச்சுதுங்க சார். இப்ப ரெண்டு காலும் இழுக்குது." பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு, சொல்ல வெக்கமா இருக்குதுங்க. நேத்து சாயங்காலத்துலிருந்து உக்கார்ற எடம் மரத்துப்போச்சு. ஸ்டூல்ல உக்காந்தா உக்காந்த மாதிரியே தெரியலீங்க. ஒண்ணுக்கும் முக்கி முக்கித்தான் வருது."

பாடத்தில் நான் சொல்லும் வரிசை மாறாமல் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போங்க என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் மில்காரர், "சார் கால் பட்டா எல்லாம் பறந்துருமுங்க, திரும்பி நில்லுங்க" என்றார். எதிர்வீட்டுக்காரர் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். என் காலுக்கு இதில் வேலையில்லை என்று அந்த மூன்று பேருக்கு முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. எத்தனையோ முறை தேடிப் பார்த்துவிட்டேன்.

தட்டினேன். "ரெண்டு நாள் பாருங்க" என்றேன். மாலையில் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டேன். மாலையில் எதிரே லேத் ஓடும் சத்தம் இல்லை. ஓய்வெடுக்கிறார், நல்லதுதான் என்று நினைத்தேன். புதன்கிழமையும் போகவில்லை.

வியாழன் மதியம் அவர் மனைவி கேட்டருகே வந்து கூப்பிட்டாள். "சாருங்க, கொஞ்சம் வாங்க. இவரால எந்திரிக்க முடியலீங்க."

அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். முந்தின நாளிலிருந்து சிறுநீர் போகாமல் அடிவயிறு குடம் போல் வீங்கி இருந்தது. சட்டைப்பையில் இருந்த பேனாவின் மூடியால் அவர் உள்ளங்காலில் கோடு போட்டேன்.

"தெரியுதுங்களா தம்பி?"

"எதுங்க சார்?"

என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்து, அன்று மாலையே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார்கள். எப்போதிலிருந்து மரத்திருக்கிறது என்று டாக்டர் கேட்டார். அவர் மனைவி, "எங்கிட்ட நேத்துத்தான் சொன்னாருங்க" என்றாள். நான் பக்கத்திலேயே நின்றேன். திங்கட்கிழமை மாலையிலிருந்து என்று நான் சொல்லவில்லை.

"மரத்த அன்னைக்கே வந்திருந்தா நல்லா இருந்திருக்குமுங்க" என்றார் டாக்டர்.

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன். சுடுதண்ணி ஒத்தடம் குடுத்து ஒரு நாள் பாக்கலாம்னு நாந்தானுங்க சொன்னேன்."

"உங்க மேல தப்பில்லீங்க அம்மணி" என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

நசுங்கிய நரம்பு மெல்ல மெல்லத்தான் தேறும். சில நரம்புகள் தேறுவதேயில்லை. ஓர் ஆண்டு காலம் நாள் தவறாமல் மாலையில் எதிர்வீட்டுக்குப் போனேன். வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்குக் காரில் கூட்டிப்போனேன். கண்ணை மூடச் சொல்லி அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து மேலேயோ கீழேயோ அசைப்பேன். எந்தப் பக்கம் என்று அவர் சொல்ல வேண்டும்.

"மேலங்களா சார்?"

கீழே இழுத்திருப்பேன். "ஆமாங்க தம்பி" என்பேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்ல முடியவில்லை.

அவருக்கு என் மேல் வருத்தமே இல்லை. "சார் கால் படலீன்னா நான் இந்நேரம் படுத்த படுக்கைதானுங்க" என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வார். அதைக் கேட்டு இரண்டு பேர் என்னிடம் தட்டிக்கொள்ள வந்தார்கள். வயதாகிவிட்டது, கால் தூக்க முடியவில்லை என்று அனுப்பினேன். அதுவும் பொய்தான்.

அவர் மனைவியோ கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அன்றைக்கே ஏன் கூட்டிப் போகவில்லை என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். ஒரு மாலை எனக்குக் காபி கொடுத்துவிட்டு, "எம் மாமியாரே கேக்கறாங்க. ஒத்தடம் குடுத்தே எம் பையன முடக்கிப்போட்டியே அம்மணீங்கறாங்க" என்று சொல்லி அழுதாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அவர் என்னிடம் சொன்னதையும் அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் நான் செய்ததையும் சொன்னேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "அதெல்லாம் விதிங்க சார். நீங்க என்ன பண்ணுவீங்க."

அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கே தெரியுமுங்களா உங்களுக்கு?"

"தெரியும் அம்மணி."

"தெரியுமுங்களா, இல்ல சந்தேகமுங்களா?"

"பாடமே நடத்தியிருக்கேன்."

"ஒரு வருசமா நான் அழுவறப்பவெல்லாம் எதுத்தாப்ல உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருந்தீங்களேங்க" என்றாள். அப்போதும் அந்த மரியாதை அவள் பேச்சிலிருந்து போகவில்லை. பாதிக் காபியோடு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் அவர்கள் கேட் உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது. பிசியோதெரபிக்கு ஆட்டோ வரத் தொடங்கியது.

அவள் சொந்தக்காரர்களுக்கும் மாமியாருக்கும் தனித்தனியே கடிதம் எழுதினேன். தவறு முழுவதும் என்னுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல என்று எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. முதுகுவலியோடு எந்த அறிகுறிகள் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்துத் தெருவில் பட்டறை பட்டறையாகக் கொடுத்தேன். என் கேட்டிலும் ஒன்றை ஒட்டினேன். ஒருவர் அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே வந்தார்.

"எனக்கு ஒண்ணுக்கெல்லாம் நல்லாத்தானுங்க போகுது. சும்மா ஒரு தட்டு தட்டியுடுங்க சார்."

மாட்டேன் என்றேன். சிங்காநல்லூரில் என்னைப் போலவே கால் முதலாகப் பிறந்த ஒரு பெண்மணி இருக்கிறாராம், அங்கே போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எதிர்வீட்டுக்காரர் எப்போதாவது, மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, போனில் கூப்பிடுகிறார். போன வாரமும் கூப்பிட்டார்.

"நரம்புக்குப் புதுசா ஏதாச்சும் கண்டுபுடிச்சிருக்காங்களாங்க சார்?"

"இன்னும் இல்லீங்க தம்பி."

"செரிங்க. இப்பெல்லாம் அவ அழுவறதில்லீங்க சார். உங்களத்தான் திட்டிட்டு இருக்கறா."

"திட்டட்டுங்க."

"மாசி மாசம் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போயிட்டு வந்தா. யாரோ கேட்டதுக்கு, எதுத்த ஊட்டு வாத்தியார்கிட்டப் போய்க் கேளுங்கன்னு சொல்லிப்போட்டாளாம்." அவர் சிரித்தார். பிறகு, கேட் சத்தம் கேக்குது, அவ வந்துட்டா போல என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.