துர்க்காவின் வீங்கிய முகமும் ஒரு நொதியமும்

இன்று காலை கிளிநொச்சி பஸ் நிலையத்தில் ஒரு பெண் மடியில் வெள்ளை ரெஜிஃபோம் பெட்டியோடு இருந்தா. உள்ளே ஐஸ்கிறீமோ மீனோ, தெரியாது. மூடி இடுக்கால் குளிர் கசிந்தது. எனக்கு உடனே துர்க்காவின் இரத்தம் கொழும்புக்குப் போன நாள் நினைவில் வந்தது. ஐஸ் பெட்டியைக் கண்டால் இரத்தத்தை நினைப்பது எங்களைப் போன்ற ஆய்வுகூட ஆட்களின் வியாதி; மன்னித்துவிடுங்கள்.

அப்போது எனக்கு முதல் நியமனம். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஜெயபுரத்திலிருந்து வந்து குடியிருந்த மலர் அக்காவின் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். குசினியில் அவா தேங்காய் துருவும் சத்தத்தில்தான் எழும்புவேன். மகள் துர்க்கா முதலாம் வகுப்பு. அந்த மாரியில் அவளுடைய கால் முழுக்கச் சிரங்கு. அது காய்ந்து, நாங்கள் மறந்தும் போனோம். பிறகு ஒருநாள் கண்மடல் வீங்கி, முகம் உப்பி எழும்பினாள். சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி.

"தங்கச்சி, இது சிறுநீரகம்தானே?" என்று மலர் அக்கா கேட்டா. ஓமந்தையில் இருந்த அவவின் தமையன், சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

துர்க்காவை வார்ட்டில் மறித்து வைத்தார்கள். அவளுடைய சிறுநீரை நான்தான் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன், எங்கும் சிவப்பணுக்கள். சிரங்குக் கிருமியால் சிறுநீரகம் இப்படி வீங்குவதுண்டு; ஆனால் அதன் தடயத்தைத் தேடிய முதல் இரத்தச் சோதனையிலோ ஒன்றுமில்லை. கிருமி இல்லையென்றால் தமையனின் வருத்தம்தான் என்று மலர் அக்கா இடிந்துபோனா.

"அந்தச் சோதனை தொண்டையில வாற கிருமியைத்தான் நல்லாக் காட்டும்," என்றார் டொக்ரர். "தோலில வந்ததுக்கு வேற ஒண்டு இருக்கு. கொழும்புக்கு அனுப்புவம்."

ஐஸ் பெட்டி பஸ் ஏறியது. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து, வார்ட் வாசலில் மலர் அக்காவுக்கு நான் ஒரு விரிவுரையே நடத்தினேன். கிருமியைப் பிடிக்க எங்கள் வெண்குருதிக் கலங்கள் தங்கள் டீஎன்ஏயையே வலையாக வீசும். சிரங்குக் கிருமி விடும் நொதியம், அதாவது என்சைம், அந்த வலையை அறுக்கும். அது மடிந்து சுருண்ட ஒரு புரதச் சங்கிலி. நடுவில் சின்னப் பள்ளம். டீஎன்ஏ இழை அதில் பொருந்தி, பக்கத்தில் ஒரு மக்னீசியம் அயனும் இருந்தால் இழை துண்டாகும், கிருமி தப்பும். ஆனால் உடல் அந்த நொதியத்துக்கு எதிராகப் பிறபொருளெதிரி என்ற காப்புப் புரதத்தைச் செய்யும். சிரங்கு மாறிய பிறகும் அது இரத்தத்தில் இருக்கும். கொழும்பில் தேடுவது அதைத்தான்.

"உந்தக் கதையெல்லாம் இருக்கட்டும்," என்றா. "பிள்ளை எங்கட அண்ணா மாதிரி ஆகுமோ, ஆகாதோ? அதைச் சொல்லு."

"கொழும்பு முடிவு வரட்டும், அக்கா," என்றேன்.

முடிவு வந்தது. பிறபொருளெதிரி மிக அதிக அளவில் இருந்தது. டொக்ரர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். "சிரங்குக் கிருமியின்ர வேலைதான், அம்மா. அனேகமான பிள்ளையளுக்கு இது தானா மாறிப்போகும். அண்ணன்ர வருத்தம் வேற, இது வேற."

மலர் அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, என்னைப் பார்த்தா. "தங்கச்சி, அண்டைக்கு என்னவோ வலையெண்டு சொன்னனி. இப்ப சொல்லு, கேப்பம்."

முழுவதும் கேட்டா. "அறுவான், என்ன கெட்டிக்காரக் கிருமி!" என்று சிரித்தா. வீக்கம் வற்றியது, சிறுநீரும் மெல்ல மெல்லத் தெளிந்தது. உப்பில்லாமல் சாப்பிட்டு அலுத்திருந்த துர்க்கா, டொக்ரர் உப்புச் சாப்பிட விட்ட அன்று நெத்தலிப் பொரியலை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

அந்த நாட்களில் வெளிநோயாளர் பிரிவில் உட்கார ஒரு நீள மர வாங்கு இருந்தது. மாரி தொடங்கினால் காலெல்லாம் ஊதா மருந்து பூசிய பிள்ளைகள் அதில் நிறைந்திருப்பார்கள். 'சிரங்கு வாங்கு' என்றுதான் அதற்குப் பெயர். போன மாரி முழுக்க அப்படி ஒரு ஊதாக் கால்கூடக் கண்ணில் படவில்லை; புதிதாக வந்த தாதியிடம் அந்த வாங்கைப் பற்றிக் கேட்டேன்.

"அப்பிடி ஒரு வாங்கு இருந்ததோ, அக்கா?" என்றாள்.