எல்லைக்கு வடக்கே ஒரு வருடம்

ஓசெல்லா பெட்வே மிசிசிப்பியின் வடகோடிச் சிற்றூர் ஒன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் கணவன் ரூஃபஸ் லாரி ஓட்டினான். ஒரு பிப்ரவரி மாதம், மாநில எல்லையைத் தாண்டி டென்னஸியின் மெம்பிஸில் ஒரு கிடங்குக்குச் சரக்கு இறக்கப் போனான். அங்கே இரும்பு அடுக்கு ஒன்று அவன்மேல் சரிந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த கையோடு, கிடங்கின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பிரென்ட் என்பவன் போன் செய்தான். பேச்சில் தேன் சொட்டியது.

"முதல்ல மனசத் தேத்திக்கங்கம்மா. நஷ்டஈட்டுக்கு என்ன அவசரம்? நாங்க எங்க ஓடிப்போறோம்?"

அதற்குப் பிறகும் அடிக்கடி கூப்பிட்டு அதே பாட்டைப் பாடினான். ஓசெல்லாவும் பதறவில்லை. மிசிசிப்பியிலேயே டூப்பலோவில் அவள் சித்தப்பா மகன் விபத்தில் செத்தபோது, வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது என்று வக்கீல் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

மறு ஜனவரியில், தேவாலயச் சமையலறையில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டே தோழி லவீனியாவிடம் இதைச் சொன்னாள். மெம்பிஸில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் லவீனியா. கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"அடியே, ரூஃபஸ் செத்தது எங்க?"

"மெம்பிஸ்ல."

"அப்ப டென்னஸி சட்டம்டி! அங்க கேஸ் போட ஒரே வருஷந்தான். நீ எங்க குடியிருக்கேங்கிறதெல்லாம் கணக்கில்ல. எங்க அக்கா ஒரு கேசுக்கு லேட்டாப் போனா, கோர்ட்டுல மூஞ்சியில கதவச் சாத்திட்டாங்க!"

ஓசெல்லாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்தக் கெடு பிரென்டுக்கு மட்டும் தெரியாதா என்ன?

திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே மெம்பிஸ் போனாள். இரண்டு வக்கீல்கள் நாள் போதாது என்று கையை விரித்தார்கள். மூன்றாமவள் கார்லா ஹென்ஷா.

"இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"புருஷனுக்குத் துக்கம் காத்தேன். அதையே சாக்கா வச்சு இன்ஷூரன்ஸ்காரன் ஏமாத்தப் பாத்திருக்கான். நீங்க கேச எடுக்கிற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன். பஸ் நெறைய வாலுங்கள உக்கார வைக்கிறவ நான். எனக்கு உக்காரத் தெரியாதா?"

கார்லா சிரித்துவிட்டாள். அந்த வாரமே வழக்குப் பதிவானது.

உடனே பிரென்டின் போன் வந்தது. இப்போது அவனுக்குத்தான் அவசரம்.

"ஒரு நல்ல தொகை தர்றோம்மா. நடந்தத வெளிய பேசாம இருந்தாப் போதும்."

"வருஷம் எப்ப முடியும்னு நாள் எண்ணிட்டிருந்தியே தம்பி, இனிமே கோர்ட்டு நாள எண்ணு. ரூஃபஸ் எப்படிச் செத்தான்னு ஊர் கேக்கணும்."

கார்லாவே ஒருமுறை யோசிக்கச் சொன்னாள். ஓசெல்லா மசியவில்லை.

விசாரணையில் கிடங்கு மேற்பார்வையாளர் கூண்டில் ஏறினார். அடுக்கின் போல்ட்டுகள் கழன்றிருந்ததையும், தான் மேலிடத்தில் சொன்னதையும், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்ததையும் சத்தியம் செய்து சொன்னார். ஓசெல்லா அழவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கிடங்கு முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூரி அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வெளியே பிரென்ட் கை நீட்டினான். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா."

"இருக்கட்டும். நல்லா மனசத் தேத்திக்க. என்ன அவசரம்?"

நீட்டிய கையைத் தொடாமல் படியிறங்கினாள். கீழே லவீனியா காரில் காத்திருந்தாள். காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.