நடு ஸ்டாப்பிங்

கேளம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஜியு-ஜிட்சு மல்யுத்த வகுப்பு. வெளியூர்ப் போட்டிக்கு என் எடைப் பிரிவில் ஒருவர்தான் போக முடியும். ஆசைப்பட்டதோ இரண்டு பேர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே தொப்பை வளர்த்த நானும், கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் ஒரு மீனவரும். எண்ணெய்ப் பலகாரத்தையே மறந்துவிட்டுப் பயிற்சி எடுத்தவன் நான். லேசில் விட்டுக்கொடுப்பேனா?

மல்லாந்து படுத்து, மேலே இருப்பவனின் இடுப்பைக் கால்களால் பூட்டிக்கொள்வதுதான் ‘கார்டு’ என்கிற காப்புப் பிடி. அந்த மீனவர் அப்படிக் கீழே இருந்துகொண்டு எதையும் நேராகச் செய்யமாட்டார். என் ஒரு கையைத் தன் அக்குளில் அடக்கிக்கொண்டு, பிடரியை அழுத்திப் பிடித்தபடி சும்மா கிடப்பார். கையையும் முறுக்கமாட்டார், கழுத்தையும் நெரிக்கமாட்டார். இந்த நடுப்பிடிக்கு எங்கள் மாஸ்டர் வைத்த பெயர் ‘ஸ்டாப்பிங்’.

“நேரா கடைசி ஸ்டாப்பிங்குக்கு ஓடாதீங்கபா. நடுவுல எறங்கி நில்லுங்க” என்பார். எனக்கோ சும்மா கிடக்கிற ஆளைப் பார்த்தால்தான் சந்தேகம் வரும். ஏதோ ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார் என்றே தோன்றும்.

எங்கள் இருவரையும் மோதவிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நாள். படிக்கட்டில் செருப்பைக் கழற்றும்போது, அவர் போனில் பேசுவது காதில் விழுந்தது.

“ஸ்டாப்பிங்லயே நில்லு. அவசரப்படாத. அது தானா வரும். வந்தவொடனே ஏறிடு.”

அடப்பாவி! ‘அது’ என்றால் நான்தானே? யாரோடோ சேர்ந்து திட்டம் போடுகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஆட்டம் தொடங்கியதும் அதே பிடி. என் வலது கை அவர் அக்குளில். அதைத்தான் முறுக்கப் போகிறார் என்று கணக்குப் போட்டேன். முந்திக்கொள்ளலாமென்று, சும்மா இருந்த இடது கையை, அவர் இடுப்பைத் தள்ளுவதற்காகப் பின்னுக்கு இழுத்தேன். அவ்வளவுதான். இழுத்த வழியில் அவர் கால் என் தோளுக்கு மேல் ஏறி, கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டது. கண் இருட்டுவதற்குள், தோற்றேன் என்று பாயைத் தட்டிவிட்டேன்.

“போன்ல ப்ளான் போட்டுட்டுதானே வந்த?” என்று கத்தினேன்.

அவர் முழித்தார். “ப்ளானா? போன்ல எங்கூட்டுக்காரி, அண்ணாத்த. மீனு வித்துட்டு கூடையோட பஸ்ஸுக்கு நின்னுகினு கீது.”

மாடியே சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“அவன் ஒண்ணுமே பண்லபா. சும்மா புட்சிகினு கெடந்தான். நீயே பயந்து கழுத்த குடுத்த. போட்டிக்கு அவன் போவட்டும்.”

ஏதாவது தில்லுமுல்லு நடந்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். அவர் எழுந்து, என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினார். எதற்கு நீட்டுகிறார் என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கையைப் பிடித்தேன்.