கதிர் விதையும் டிரைவர் அப்பாவும்

பக்கத்து அறையில் பெட்டியின் ஜிப் பாதியில் சிக்கி, மறுபடி இழுபடும் சத்தம் கேட்டது. ஒருக்களித்துப் படுத்திருந்த டிரைவரின் நெஞ்சை அது அறுத்தது. பிள்ளை பெறும்வரை இங்கேதான் என்று வந்திருந்த மகள், கிளம்புகிறாள்.

எல்லாம் ஒரு போன் செய்த வேலை.

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர் அவர். யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஆள். நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவி, கிளட்ச்சை மிதிக்க முடியாமல் போனபோதுதான் வேலையை விட்டார்.

போன வாரம் டாக்டர் அவருடைய ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் விரித்து, மேலே கோடுகள் போட்டுக் காட்டினார். உள்ளேயே இருந்து கதிர் வீசிப் புற்றைக் கருக்கும், அரிசியைவிடச் சிறிய கதிரியக்க விதைகள். எந்த ஊசி எந்த வழியாகப் போகும், எந்த விதை எலும்பில் எங்கே நிற்கும் என்று எல்லாமே கணக்கு.

“ரூட்டும் போட்டாச்சு, ஸ்டாப்பும் போட்டாச்சு. டிரைவர் நீங்கதானே டாக்டர்?” என்று இவர் சிரித்தார்.

“நான்தான். நோயே போயிடும்னு சொல்ல மாட்டேன். வலி நல்லாக் குறையும். ஆனா விதை வெச்சப்புறம் சில மாசம் கர்ப்பிணிங்க, குழந்தைங்க உங்க பக்கத்துல வரக்கூடாது.”

சிரிப்பு அப்படியே நின்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தவர், வீட்டில் “அதெல்லாம் தேவையில்லைன்னுட்டாங்க” என்று கூசாமல் புளுகினார். இன்று காலை, தேதி குறிக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை மகள் எடுத்துவிட்டாள்.

பெட்டியோடு வந்து நின்றாள்.

“பேரப்பிள்ளைய மொதல்ல நான்தாம்மா தூக்கணும். அப்புறம் எனக்கு நாள் இருக்கோ இல்லையோ.”

“தண்ணிச் சொம்பத் தூக்க முடியுதாப்பா உங்களால? தலகாணியக் கடிச்சுக்கிட்டு அழறீங்களே, எனக்குக் கேக்கலைன்னு நெனச்சீங்களா?”

வாசலிலிருந்து மனைவி சேர்ந்துகொண்டாள். “ஊர்ல எல்லாரையும் எறக்கிவிட்ட மனுஷன். பெத்த பொண்ண எறக்கிவிட மட்டும் மனசு வரல!”

அவர் மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க தூக்கற அன்னிக்குத்தான் பேர் வைப்பேன்” என்றாள் மகள்.

“அதுவரைக்கும்?”

“டேய்தான்.”

“பொண்ணா இருந்தா?”

“ஏய்.”

சிரிக்கப் போனவர் உடைந்து அழுதார். அவருடைய கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே ஒரு சின்ன உதை.

“ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வரேன்னு சொல்லு” என்றார் மனைவியிடம்.

வாசலை ஒட்டி வாடகைக் கார் காத்திருந்தது. தாங்கிப் பிடிக்க வந்த மனைவியை விலக்கிவிட்டு, சுவரைப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். மகள் ஏறி உட்கார்ந்தாள். இறங்கிவிடப் போகிறவள்போல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அவள் இறங்குவதற்குள் அவரே காரின் கதவைச் சாத்தினார்.