வரிசை தவறாத ஜெபவீடு

ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்த ஞானமுத்துவுக்கு எழுத்து தெரியாது. காதால் கேட்டதுதான் அவனுக்கு வேதம். கல்யாணமான பிறகு, பேதியில் செத்துப் பிழைத்து, 1901இல் ஞானஸ்நானம் வாங்கியவன். பெண்டாட்டி அமிர்தவள்ளி வாங்கவில்லை. பிள்ளை வரம் கேட்டுக் குடியாத்தம் கெங்கையம்மனுக்கு வருஷா வருஷம் கூழ் ஊற்றுவதாக வேண்டியிருந்தாள், பெண்ணும் பிறந்தது. அவள் கூழ் ஊற்றினாள், இவன் ஜெபவீட்டுக்குப் போனான், ஒரே சட்டிச் சோற்றை இருவரும் தின்றார்கள். வீட்டில் ஒரு குறையும் இல்லை.

ஜெபவீட்டில் உபதேசியார் தேவவரம் ஒரு முறை வைத்திருந்தார். வேதாகமத்தை ஆதியாகமத்தில் தொடங்கி, வாரத்தில் இரண்டு மாலை, மாலைக்கு ஓர் அதிகாரம். முன்னே தாண்டவும் மாட்டார், பின்னே போகவும் மாட்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் செய்கிற கெடுதலுக்குத்தான் பரிகாரமே கிடையாது.

அந்த வரிசையில் எஸ்றாவின் புத்தகம் வந்தது. சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்களில் பலர் அந்நிய தெய்வம் கும்பிடும் பெண்களைக் கட்டியிருந்தார்கள். கொட்டும் மழையில் ஜனங்கள் நடுங்கிக்கொண்டு நிற்க, அந்தப் பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிட முடிவானது. உபதேசியார் யார் பெயரையும் சொல்லவில்லை. சபைதான் ஞானமுத்துவைத் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கேட்டதை அவளிடம் சொன்னான்.

"ரூத்துன்னு ஒருத்தி கதை சொன்னியே, அவளும் வேற சாமி கும்பிட்ட பொண்ணுதானே?" என்றாள் அமிர்தவள்ளி.

"அவ கர்த்தரை ஏத்துக்கினா. நீயும் ஏத்துக்கோ, இருந்துடு."

"உன் சாமிக்கு நீ குடுத்தது வாக்கு. என் ஆத்தாவுக்கு நான் குடுத்தது வாக்கு இல்லியா?"

விடிந்ததும் தாயையும் மகளையும் வண்டியேற்றிக் குடியாத்தத்தில் அவள் அண்ணன் வீட்டில் விட்டான். குழந்தை அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. துண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். சபையில் அவனுக்கு முன்வரிசை கொடுத்தார்கள். பாழாய்ப்போன முன்வரிசை.

ஆறேழு வருஷம் கழித்து, வரிசைப்படி கொரிந்தியர் நிருபம் வந்தது. விசுவாசமில்லாத மனைவி கூட வாழச் சம்மதித்தால் அவளைத் தள்ளக்கூடாது என்று பவுல் எழுதியிருந்ததை உபதேசியார் அதே குரலில் படித்தார். ஞானமுத்து எழுந்து நின்றான்.

"ஐயா, இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்பா."

"அப்போ ஏன் சொல்லல?"

"வரிசை வரலியே, ஞானமுத்து."

ஞானமுத்து மறுநாளே குடியாத்தம் போனான். அமிர்தவள்ளி வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அவன் கட்டிய தாலி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. மகள் யாரோ என்று பயந்து உள்ளே ஓடினாள். கொரிந்தியரில் கேட்டதைச் சொல்லி, வா என்று கைகூப்பினான்.

அவள் முறத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

"அனுப்பச் சொல்லிச்சுன்னு அனுப்பின. கூப்பிடச் சொல்லிச்சுன்னு வந்து நிக்கிற. நீயா எனக்கு இன்னாய்யா சொன்ன?"

அவள் உமியை ஊதிவிட்டு உள்ளே போனாள்.

ஞானமுத்து சாகும்வரை ஜெபவீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. வேறு எங்கே போவான்? கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டான். கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் முடிந்ததும் உபதேசியார் மறுபடி ஆதியாகமத்தைத் திறந்தார்.